துணியை எடுத்துறலாமா, மரியதாஸ்?

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மரியதாஸ் இறந்த செய்தியைக் கேட்டு நான் சிரித்தேன். டீக்கடையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் சலவைப் பட்டறை மேஸ்திரி பழனியப்பன் சைக்கிளை விட்டு இறங்காமலே, "நம்ம புயல் கரையைக் கடந்துருச்சுங்க" என்றார்.

"நாகப்பட்டினத்துலயா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"இல்லீங்க. ஆஸ்பத்திரியில."

'புயல்' என்று மரியதாஸுக்குப் பெயர் வைத்த புண்ணியவானும் நான்தான். அது சங்கத்தார் உங்களுக்கெல்லாம் தெரிந்ததே.

ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலுக்குப் பிறகு நாகையிலிருந்து ரயிலேறித் திருப்பூர் வந்து, பட்டறையில் பனியன் துணி வெளுக்கச் சேர்ந்தார். தன் ஊரைத் தாக்கிய புயல்களின் வரலாற்றை ஒரு தடித்த நோட்டில் எழுதிவந்தார். கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பலகாரம் தின்பார்கள். இவர் மாதாகோயில் சாவுப் பதிவேட்டையும் தர்கா வாசல் கிழவர்களையும் துருவிக்கொண்டிருப்பார். எந்தப் புயலில் யார் யார் போனார்கள் என்று பெயர் பெயராகச் சேர்த்துக்கொண்டு திரும்புவார். "ரேடியோவில புயலுக்கு நேரம் சொல்வாங்க. செத்தவங்களுக்குப் பேரு சொல்ல மாட்டாங்க" என்பார்.

இந்தப் படிப்பை நாம் எதற்குப் பயன்படுத்தினோம்? வெளுத்த துணியைப் பொட்டல் காட்டில் விரித்துத்தானே காயப்போடுகிறோம். நாகையில் புயலென்றால் ஓரிரு நாளில் இங்கே மழை. ஒரு கார்த்திகையில் ரேடியோ அப்படிச் சொன்னதும் முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க மரியதாஸ், துணியை எடுத்துறலாமுங்களா?"

"அங்க இன்னும் ஆளைத் தேடிக்கிட்டிருக்காங்க முதலாளி."

"அது பாவந்தானுங்க. துணி?"

மரியதாஸ் கிழக்கே கொஞ்ச நேரம் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள எடுத்துருங்க" என்றார். மூன்று மணிக்கு மழை கொட்டியது. முதலாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. வீணாகப் போகக்கூடாதென்று நான் குடித்தேன்.

நம் சங்கத்து ஆண்டு மலரில் அவரைக் கிண்டல் செய்து, 'திருப்பூருக்கு ஒரு கடல் வேண்டும்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். சாயப்பட்டறை வரை சிரிப்பு. மறுநாள் மலரோடு என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"ஒரு தப்பு இருக்குங்க. புயல்ல காத்து தெக்கேருந்து அடிச்சுது, முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல வடக்கேருந்து அடிக்கும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது, இலைகூட அசையாது. அப்புறந்தான் தெக்கே. அந்த நடுவுல, முடிஞ்சுபோச்சுன்னு நெனைச்சு என் தங்கச்சி ஆட்டை அவுத்து விடப் போனா."

மலரை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வருஷமே நோட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்க எழுதுறவரு. படிச்சுட்டு ஒரு முன்னுரை போடுங்க. அந்தப் பேரெல்லாம் ஒரு தடவை அச்சுல வந்துட்டாப் போதும்." அதன்பின் எட்டு வருஷம், பார்க்கும்போதெல்லாம் "படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்பார். முன்னுரைதான் அமையவில்லை என்பேன். "அவசரமில்லீங்க. செத்தவங்கதானே, காத்திருப்பாங்க" என்பார்.

அடக்கத்துக்குப் பதினோரு பேர் வந்திருந்தோம். மண் தள்ளும்போது முதலாளி வானத்தைப் பார்த்தார். "இனி மழைக்கு யாரைக் கேக்கறதுங்க?" என்றார். யாரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. எல்லோர் மனசிலும் அதே கேள்விதான். இருபது வருஷம் ஒரு மனிதர் சாவைப் பற்றிப் பேசினார். நாம் ஈரத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டோம். அந்த ஊரின் துக்கத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காத ஜனங்கள் நாம். இதைக் காட்டமாகவே சொல்கிறேன்.

அவருடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நோட்டு. கொடுக்கும்போது பனியன் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொடுத்தார். முடிச்சு அவர் போட்டது. இன்னும் அப்படியே இருக்கிறது.