நாலு மணிக்கு வருகிறவர்

பல்லக்கா என்று அவளை முதலில் கூப்பிட்டது யார் என்பது அவளுக்கே மறந்துபோய்விட்டது. பொய்ப்பல் செய்வது தொழில். பல் வைத்தியர்களிடமிருந்து ஈறின் அளவு பதிந்து வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கெட்டியாக்கி, மெருகேற்றி அனுப்புவாள். ஒரு முடி கனம் கூடினாலும் போட்டுக்கொள்கிறவர் சாப்பிட முடியாது. இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த பல் திரும்பி வந்தது நாலைந்து தடவைதான். அறைச் சுவரில் மூன்று தட்டுகளிலும் பிளாஸ்டரில் வார்த்த வெள்ளை வாய்கள் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்ட மாட்டார்கள்.

வேலையில் இத்தனை கறாரானவள் வாய்வார்த்தையில் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிற சபையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். யார் தன் கஷ்டத்தைச் சொன்னாலும், "ஜெபத்துல தாங்கிக்கிறேன்" என்று சொல்லித்தான் அனுப்புவாள். மற்றவர்கள் "போய்ட்டு வாங்க" என்பது போல அவளுக்கு அது.

"நீ ஜெபிக்கிறேன்னு சொன்ன ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சா, பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்டி" என்பார் கணவர்.

"உங்க பேரும் அதுல இருக்கு. கடைசியில."

பெட்டிக்காரர் அந்த வரிசையில் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. வைத்தியர்களிடமிருந்து அளவுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, செய்து முடித்ததை எடுத்துப் போகிறவர். அவளைவிட இரண்டு வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்லி முடித்துப் பெட்டியைத் தூக்கியவரிடம் அவள் வழக்கமானதைச் சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்ல. அதுல நீங்க என்ன செய்வீங்க?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. "அது வந்துண்ணே... அவங்களால பேச முடியலல்ல. அவங்க இடத்துல நான் போய் நின்னு, அவங்க பேரைச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேக்குறது."

"அவ இடத்துலயா?" அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். "எத்தனை மணிக்குப் போவீங்க?"

"நாலு மணிக்கு" என்றாள், டீ குடிக்கிற நேரம் நினைவுக்கு வந்ததால். அவர் போனதும் மெருகேற்றும் மோட்டாரைப் போட்டாள். அன்று நாலு மணிக்கு டீ குடித்தாள். மறுநாளும் குடித்தாள்.

மூன்று வாரம் கழித்து வந்தவர் முகம் தெளிந்திருந்தது. "அக்கா, அவ வலது கையில ரெண்டு விரல் அசையுது! டாக்டரே ஆச்சரியப்படுறார்."

"நல்லதுண்ணே."

"எல்லாம் நீங்க வர்றதாலதான்."

"நான் எங்க வந்தேன்?"

"அதான், நாலு மணிக்கு. முதல் நாள் நீங்க சொன்னதை அவகிட்டச் சொன்னேன். அன்னைலேருந்து மூணே முக்காலுக்குக் கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போடச் சொல்லிக் கை காட்டுறா. நாலு அடிச்சதும் வாசலைப் பாப்பா. அப்புறம் அப்படியே பார்வை நகர்ந்து நாற்காலிக்கு வரும். ஒருத்தர் உள்ள நடந்து வந்தா நாம பாப்போமே, அந்த மாதிரி." குரலைத் தாழ்த்தினார். "முந்தாநாள் அவ தூங்கினதும் நாற்காலியை எடுத்து வைக்கப் போனேன். உக்கார்ற இடம் சூடா இருந்துச்சுக்கா."

பல்லக்காவின் கையில் இருந்த மெழுகு சொட்டி விரலைச் சுட்டது. அவள் உதறக்கூட இல்லை.

"உங்களை நேர்ல பாக்கணும்னு சைகை பண்றா. ஒருதரம் வாங்களேன்."

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் மனம் உடைந்து, அசைகிற விரலும் நின்றுவிடுமோ? சொல்லாமல் போய் நின்றால், தான் செய்யாததற்கு நன்றி வாங்கிக்கொள்ள வேண்டும். இதைவிட இன்னொன்று அவளை உறுத்தியது. அவள் ஒருநாளும் போகவில்லை. அப்படியானால் அங்கே வந்துபோவது யார்?

மறுநாள் போனாள். பெட்டிக்காரரின் வீடு மூன்றாம் மாடியில், ஒரே அறை. ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் பிரம்பு நாற்காலி. மணி மூன்று ஐம்பது.

"இதோ பாரு, இவங்கதான்" என்றார் பெட்டிக்காரர்.

படுத்திருந்தவள் பல்லக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"இவங்கதாம்மா. தினமும் வர்றாங்களே."

மறுபடியும் அதே தலையாட்டல். கோபம் இல்லை. கடைக்காரர் தவறான பொருளை எடுத்து நீட்டும்போது ஆட்டுவது போல. பெட்டிக்காரர் சங்கடத்தில் நாற்காலியை இழுத்து, "நீங்க உக்காருங்கக்கா" என்றார். நோயாளியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் பீறிட்டது. இடது கை நாற்காலியைப் பிடித்து, யாரும் உட்கார முடியாதபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கடிகாரம் நாலு அடித்தது.

படுத்திருந்தவளின் பார்வை வாசலுக்குப் போனது. அங்கிருந்து மெல்ல உள்ளே வந்தது. பல்லக்கா நின்ற இடம் வந்ததும், நடுவில் நிற்கிறவரைச் சுற்றிப் போவது போல, ஒரு வளைவு வளைந்து நாற்காலியில் போய் நின்றது. பல்லக்காவின் முன்கையில் மயிர் குத்திட்டது.

"அண்ணே" என்றாள். "நான் ஒரு நாள்கூட ஜெபிக்கல. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறந்தும் போயிட்டேன். மன்னிச்சிருங்க."

"என்னக்கா சொல்றீங்க? அப்போ இத்தனை நாளா?" அவர் முகம் வெளுத்தது. "நான் தினமும் கதவைத் திறந்து வெச்சேனே... யாருக்கு?"

பல்லக்கா கட்டிலில் இருந்தவளைப் பார்க்கத் துணியாமல் நின்றாள். அந்த அம்மாள் உடைந்துபோகவில்லை. முன்பே தெரிந்ததைக் கேட்டவள் போல இருந்தாள். இடது கையால் தரையைக் காட்டினாள், நாற்காலிக்குப் பக்கத்தில்.

பல்லக்கா முழங்காலிட்டாள். கண்ணை மூடினாள். இத்தனை வருஷம் சபையில் சரளமாக வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. கேட்டது மூச்சு மட்டும். அவளுடையது ஒன்று, கட்டிலிலிருந்து ஒன்று, பெட்டிக்காரருடையது கதவருகே. நாலாவது, தலைக்கு மேலே, நாற்காலியின் உயரத்தில். அது வெறும் மூச்சு இல்லை. பாரம் தூக்குகிறவன் விடுகிற பெருமூச்சு. இதைத்தான் தாங்குவது என்று தான் இத்தனை பேரிடம் சொல்லி வந்தோமா என்று நினைத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. அந்த அம்மாளின் பெயரை மட்டும் ஒருதரம், பயந்து பயந்து, சொன்னாள்.

மறுநாள் தன் அறையில், இன்றைக்காவது அந்த அம்மாளின் இடத்தில் தான் முதலில் போய் நின்றுவிட வேண்டும் என்று நாலுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே மோட்டாரை நிறுத்தினாள். கையைக் கழுவி, கதவைச் சாத்தி, மேஜைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். மோட்டாரின் ரீங்காரம் காதைவிட்டுப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அது போனதும் கேட்டது. அவளுக்கு முன்பே தொடங்கியிருந்த பெருமூச்சு, வெகு நேரமாகவே நடந்துகொண்டிருப்பது போல. அவள் எழுந்திருக்கவில்லை. அதன் ஏற்ற இறக்கத்துக்குத் தன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அந்த அம்மாளின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.