ஜார்ஜ்டவுனுக்கு நோயாளியாகப் போய் வந்தது

கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. 'அமினா, வயது 19' என்று எழுதியிருந்தது. அறைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். நான் அமினா இல்லை. எனக்குப் பதினெட்டுதான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் படுக்கப் போனேன். பெரியம்மா மகள் கவிதா அக்கா, ஜார்ஜ்டவுனில் ஒரு தாதியர் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறார். வார்டில் பல வருடம் இருந்த தாதியர் அங்கே முதுநிலைப் படிப்பு படிக்கிறார்கள். முடித்தால், நோயாளியைத் தாங்களே விசாரித்து, பரிசோதித்து, முடிவெடுக்கும் பொறுப்புக்குப் போகலாம். அவர்களின் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க ஆள் வேண்டுமாம், சம்பளம் எண்பது வெள்ளி. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். ஆசிரியர் கேட்டால் தெரிந்த பதிலும் வாயில் வராது. "நீ படுத்துக் கெடந்தா போதும் லா" என்றார் அக்கா.

சுங்கை பாக்காப்பில் காலை 5.50-க்குப் பஸ். பட்டர்வொர்த் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், மூன்று வெள்ளி நாற்பது காசு. 7.05-க்கு இறங்கினேன். படகுக்கு இரண்டு வெள்ளி. கையில் காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கிருந்து கல்லூரி நான்கு கிலோமீட்டர். காருக்கு ஒன்பது வெள்ளி ஆனது.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல தங்கச்சி?" என்று கேட்டார் காரோட்டி அண்ணன். நோயாளியாக நடிக்கப் போவதாகச் சொன்னேன்.

"அதுக்குச் சம்பளமா? நான் வீட்ல தெனமும் சும்மாவே நடிக்கிறேன்."

கல்லூரியில் கொடுத்த தாளின்படி நான்தான் அமினா. நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்று நானே சொல்லலாம். ஆன்லைனில் வாங்கிய உடம்பு இளைக்கிற காபியைக் குடிக்கிறேன் என்பதை மட்டும் கேட்டால்தான் சொல்ல வேண்டும். எப்படிக் கேட்டாலும் சொல்லிவிட வேண்டும். படபடப்புக்குக் காரணமே அதுதான். அதைக் கண்டுபிடிக்காதவர் தேற முடியாது.

முதல் மூவரும் மலாயில் கேட்டார்கள். மனப்பாடம் செய்ததை மலாயில் சொன்னேன். நான்காவதாக வந்தவர் தமிழர், செபராங் ஜெயாக்காரர். என் நாடியைத் தொடும் முன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். நான் நடுங்குவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"வீட்டுக்குத் தெரியாம ஏதாவது சாப்பிடுறியா, குடிக்கிறியா கண்ணு? என்கிட்ட சொல்லலாம். திட்ட மாட்டேன்."

என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. நான் அமினா என்பதே மறந்துபோனது.

"ஒன்னும் இல்லக்கா" என்றேன். அது என்னைப் பற்றிய உண்மை.

மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்ட தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. வேறு எதுவும் உட்கொள்ளவில்லை என்று அந்த அக்கா அவரிடம் மலாயில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு உடனே உறைத்தது. அவர் நேரம் முடிந்து மணி அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மதியம் கேண்டினில் தேர்வு முடித்த தாதியர் பக்கத்து மேசையில் இருந்தார்கள். ஒருவர் காபியைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"என்ன காபி?" என்றார் அந்த அக்கா.

"அந்தப் பிள்ள குடிக்கிற காபிதான் லா. நீ கேக்கலியா?"

"கேட்டேனே." திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டேன்தானேம்மா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "விடு, இன்னொரு தடவ கேட்டிருக்கணும். என் தப்புதான்" என்றார் அவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எண்பது வெள்ளியை வாங்கிக்கொண்டு மூன்று மணிப் படகில் திரும்பிவிட்டேன். கவிதா அக்காவின் அலுவலகம் கேண்டினிலிருந்து இருபது அடி தூரம்கூட இருக்காது. சனிக்கிழமை கவிதா அக்கா போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், முடிவு வந்துவிட்டதென்றும், ஒருவர் மட்டும் தேறவில்லை என்றும், இனி அடுத்த வருடம்தான் எழுத முடியும் என்றும் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை.

நோயாளியாகப் போக நினைப்பவர்களுக்கு: அறை ரொம்பக் குளிர், காலுறை எடுத்துப் போங்கள். பசியாறிவிட்டுப் போங்கள், ஒரு மணி வரை எதுவும் கிடைக்காது. கொடுத்த பதிலை உங்களுக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தவறு செய்துவிட்டால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை அதே 5.50 பஸ்ஸில் மறுபடி போனேன். கவிதா அக்கா நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார்.

"இப்ப வந்து சொல்றியே. எல்லாம் கையெழுத்தாகிப் போயிடுச்சு. மேல குடுத்துப் பாக்குறேன், மாறுமான்னு தெரியாது." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நடந்தத எழுது."

மலாயில் எழுதினேன். தேர்வில் அந்தத் தமிழ் அக்கா கேட்ட கேள்வியை மட்டும் அவர் கேட்டபடியே தமிழில் எழுதி, கீழே அதன் அர்த்தத்தை மலாயில் எழுதினேன்.