‘நார்மல்’ என்று எழுதிய குழாய்

கல்கத்தாவின் பாலிகஞ்சில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கோமதிக்கு இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்குப் பார்க்கும் டெக்னீஷியன் வேலை, இன்னொன்று சும்மா பார்க்கும் நார்மல் வேலை. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்கு யாரைத் தேடி அலைவது? ஆறு வருடமாக அவளே கையை நீட்டிவிடுகிறாள். குழாயில் பெயர்கூடக் கிடையாது, ‘நார்மல்’ என்றுதான் எழுதுவார்கள். கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா, “கல்கத்தாவுக்கே எம்மவதாம்லா அளவுகோலு” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன மாதம் அந்தக் கர்வத்தில்தான் வேதாச்சலம் அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்தாள். காளிகாட் மெட்ரோ பக்கத்தில் புளியும் அப்பளமும் விற்கிறவர். அடிக்கடி காய்ச்சல், வெள்ளை அணுக்கள் குறைவு, கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிற அசதி. இந்த ஊரில் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் எல்லோரும் செய்வதுபோல அவரும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டார். அவர் ரத்தத்தைத் தன் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒங்க ரத்தம் அச்சு அசலா என் ரத்தம் மாதிரியே இருக்கு” என்றாள் கோமதி. மனிதர் கண் கலங்கி, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அரைக் கிலோ முறுக்கு கொடுத்தனுப்பினார்.

இன்றைக்கு அதே சோதனைக்கு வேறொருவரின் ரத்தம் வந்திருந்தது. கோமதி காய்ச்சலிலிருந்து எழுந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. இந்த வருடம் இது நாலாவது. காய்ச்சல்காரி ரத்தம் நார்மலுக்கு ஆகாது என்பதால் உடன் வேலை பார்க்கும் பிரியங்கா முன்வந்தாள். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி வங்காளம். “கோமதி தீதி, ஆஜ் என்னோடது எடுத்துக்கோ” என்று சட்டைக் கையைச் சுருட்டினாள்.

நோயோடு சண்டை போடும் டி செல்களில் சில, தங்கள் மேல் ஒரு தடை ஏற்பியை வைத்திருக்கும். உண்மையில் அது இயற்கைக் கொல்லி செல்களின் சொத்து. சொந்த உடம்பையே தாக்கிவிடாதபடி பிடிக்கும் பிரேக். அதில் பல வகை உண்டு. ஆரோக்கியமான ரத்தத்தில் ஒன்றிரண்டு செல் ஒரு வகையையும், ஒன்றிரண்டு வேறு வகையையும் வைத்துக்கொண்டு சிதறிக் கிடக்கும். ஒரு பெருங்கூட்டமே ஒரே வகையை மாட்டிக்கொண்டு நின்றால், அத்தனையும் ஒரே செல்லின் பிள்ளைகளாக இருக்கலாம். மெதுவாக வளரும் ஒரு ரத்தப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும்.

பிரியங்காவின் ரத்தம் எந்திரத்தில் ஓடியது. திரையில் செல்லுக்கு ஒன்றாகப் புள்ளிகள் சிதறி விழுந்தன. பாடத்தில் படித்தது எப்போதோ மறந்துபோய், கோமதிக்கு ஆறு வருடமாக நார்மல் என்றால் தன் படம்தான். தன்னுடையது இப்படி இருக்காதே! எப்போதும் வலது மூலையில் கெட்டியாக ஒரு கூட்டம் நிற்குமே. ஐயோ, இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது, வைகாசியில் கல்யாணம் வேறு.

யாரிடமும் வாய் திறக்காமல், அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் டாக்டர் விக்ரமிடம் போய், “கிட் சரியா இருக்கான்னு பாக்கணும் சார், கொஞ்சம் ரத்தம் குடுங்க” என்றாள். அவர் போனில் பேசிக்கொண்டே கையை நீட்டினார்.

டாக்டரின் புள்ளிகளும் சிதறித்தான் விழுந்தன.

கோமதி கணினியில் தன் ரத்தத்தின் பழைய படங்களைத் திறந்தாள். தை, ஐப்பசி, அதற்கு முந்தைய ஆடி. கல்யாணத்தில் ஒரே டிசைன் புடவை கட்டி நிற்கும் குடும்பம்போல, ஒவ்வொன்றிலும் அதே மூலையில் அதே கூட்டம். முதல் இரண்டு வருடத்துப் படங்களில் மட்டும் இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருந்தது, தினம் பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை. பிரியங்காவுக்கு ஒன்றுமில்லை. நாலு காய்ச்சலும் யாருக்கு வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தன்னை நினைத்துப் பயம் வந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே இன்னொன்று வந்து விழுந்தது. அச்சு அசலா என் ரத்தம் மாதிரியே.

டாக்டர் விக்ரம் எல்லாப் படங்களையும் இரண்டு முறை பார்த்தார். வேதாச்சலத்தின் அறிக்கையின் கீழே இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். “சாதாரணமாவும் இருக்கலாம் கோமதி. வேற டெஸ்ட் செய்யாம சொல்ல முடியாது. அவர உடனே கூப்பிடணும், நானே பேசுறேன்” என்றார்.

“இல்ல சார். வாக்குக் குடுத்தது நான்.”

மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தாள். அண்ணாச்சி கடையில் யாரோ உளுந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, கோமதி பேசுதேன். நான் சொன்னது தப்பாப்போச்சு. ஒங்க ரத்தம் என் ரத்தம் மாதிரி இருக்குன்னேன்லா, அது நெசம்தான். என் ரத்தந்தான் சரியில்ல.”

திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

“அப்பம் வேலூருக்குத் திரும்ப டிக்கெட் போடணுமா, தாயி?”

“போடுங்க அண்ணாச்சி” என்றாள். “ரெண்டாப் போடுங்க.”