மாலக்கி வயலில் பச்சை வட்டம்

டீலியா கல்ஹேனுக்குப் பிள்ளை பிறந்தது ஐம்பத்தொன்றாம் வருஷம், பிப்ரவரியில். பிறந்தது என்று சொல்வதுகூடத் தப்பு என்றார்கள். ஒரு தடவை மூச்சு விட்டு, தண்ணீர் தெளிக்க ஆள் வருவதற்குள் அடங்கிப் போனது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, பெயரில்லை, மணியில்லை. இதை எழுதி வைத்தவர்கள் ஒரு பிள்ளையையும் பெற்றவர்கள் இல்லை. டீலியாவின் கணவன் பார்ட்லி, வெண்ணெய் வரும் மரப்பெட்டி ஒன்றில் அதை வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடியுமுன் வெளியே போனான். திரும்பி வந்து பூட்ஸைக் கழுவினான். தாதி டீலியாவின் மார்பைக் கிழிந்த விரிப்புத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் கட்டி ஒன்பது நாள் அவள் துடித்தாள். அப்புறம் அவளுக்கு வேறு பிள்ளை உண்டாகவே இல்லை.

எங்கே வைத்தாய் என்று கேட்டதற்குக் "கோட்டையில" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப் புதைத்துவிட்டு வருகிற தகப்பன் இடத்தைச் சொல்லக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சொன்னால் பெண்பிள்ளைகள் போய் உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பார்களாம், அடுப்பு எரியாதாம்.

கோட்டை என்றால் கல்கோட்டை இல்லை. வட்டமாக ஒரு மண்கரை, அதைச் சுற்றிப் பள்ளம், கிழக்கே ஒரு வாசல். எப்போதோ யாரோ குடியிருந்த இடம். மனிதர்கள் போனபிறகு அது கண்ணுக்குத் தெரியாத 'அவங்க' இடமாகிவிட்டது. 'அவங்க' யார் என்று கால்வே ஜில்லாவில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கோட்டையில் ஒரு முள்மரக் கிளையை ஒடித்தவன் கை விளங்காது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். பார்ட்லி அங்கே பிள்ளையை வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். ஊரே பயப்படுகிற இடம், உலகம் உள்ளவரை ஒருவனும் மண்வெட்டி வைக்கமாட்டான் என்று கணக்குப் போட்டான்.

கணக்கு பன்னிரண்டு வருஷம் நின்றது. வயலுக்குச் சொந்தக்காரரான கிழட்டு ஃபினெர்ட்டிக்கும் பயம்தான். ஆனால் பயம் உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தானே. அவர் வேறு ஜில்லாவிலிருந்து புல்டோசர்காரன் ஒருவனை வரவழைத்தார். அவன் விசிலடித்துக்கொண்டே ஒரே பகலில் கரையைத் தள்ளிப் பள்ளத்தை நிரப்பிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போனான். அவனுக்கும் கை விளங்கிற்று, ஃபினெர்ட்டிக்கும் விளங்கிற்று. புல் முளைத்தது. எங்கே கோட்டை இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள்.

தொண்ணூற்றைந்தில் மழை பொய்த்தது. ஜூனிலிருந்து ஒரு சொட்டு இல்லை. ஆகஸ்டில் பச்சை என்ற நிறமே ஊரைவிட்டுப் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை டீலியா மேட்டிலுள்ள தன் கொல்லையில் துணி உலர்த்தப் போனாள். கீழே ஃபினெர்ட்டியின் மகன் மாலக்கியின் வயல் கருகிக் கிடந்தது. அதன் நடுவில் பச்சையாக ஒரு வட்டம். கிழக்கே மட்டும் ஒரு கதவு அகலத்துக்கு அறுந்திருந்தது.

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிரப்பிய பள்ளத்தில் மண் ஆழம், ஆழத்தில் ஈரம், ஈரத்தில் புல். வாசலில் பள்ளம் தோண்டியிருக்கமாட்டார்கள், அதனால் அங்கே காய்ந்திருக்கிறது. வட்டத்துக்குள் அங்கங்கே ஒரு வெண்ணெய்ப்பெட்டி அகலத்துக்குப் பச்சைத் திட்டுகள், தோண்டி மூடின குழிகள். முதலில் அவள் ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்தாள். எண்ணிப் பார்த்தாள், இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். ஊரில் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எது தன்னுடையது என்று சொல்லக்கூடியவன் ஒருவன்தான். பார்ட்லி அடுப்பங்கரை நாற்காலியில் இருந்தான். பக்கவாதம் வந்து ஒரு கால் போய் மூன்று வருஷம். டீலியா அவித்த உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் தட்டில் போட்டு, அவன் கை எட்டாத தூரத்தில் மேஜைமேல் வைத்தாள்.

"எந்தப் பக்கம் வச்ச?"

"என்னடி புதுசா?"

"கோட்டை மேல வந்திருக்கு. வாசல் தெரியுது. எந்தப் பக்கம்?"

"சோத்தை இங்க தள்ளு."

"சொல்லிட்டுத் தின்னு. நாப்பத்தி நாலு வருஷம் நான் பட்டினி கிடந்தேன், நீ ஒரு மத்தியானம் கிட."

மத்தியானத்தோடு முடியவில்லை. தட்டு ஆறியது, கறியின் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. அவன் கெஞ்சினான், திட்டினான், ஊன்றுகோலை வீசினான். அவள் கோலை எடுத்து அதையும் எட்டாத இடத்தில் சாத்தினாள். சாயங்காலம் டீ போட்டு அவன் எதிரில் உட்கார்ந்து தான் மட்டும் குடித்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"வாசல்ல நுழைஞ்சு வலது கைப்பக்கம்," என்றான் கடைசியில். "கரையை ஒட்டியே மூணு எட்டு நடந்து. மேல வெள்ளைக் கல்லு ஒண்ணு வச்சேன்."

"கல்லு இருக்காது."

"கல்லு இருக்காது. எட்டு வச்சா என் காலுக்குத் தெரியும். என்னையக் கூட்டிட்டுப் போ." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதான். அவள் தட்டைத் தள்ளினாள்.

நேரே வயல் கேட்டைத் தாண்டிப் போயிருந்தால் அன்றைக்கே அடையாளமாக ஒரு குச்சியை நட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவன் வயலில் கேட்காமல் கால் வைப்பவள் இல்லை டீலியா. வெளிச்சம் இருக்கும்போதே மாலக்கியின் வாசலில் போய் நின்றாள். வாரம் தவறாமல் அவளுக்குப் பால் அனுப்புகிற வீடு அது.

"ஒரே ஒரு குச்சி, மாலக்கி. பிள்ளை கிடக்கிற இடத்துல ஓரமா நட்டுக்கறேன்."

"அதுக்கென்ன மிஸஸ் கல்ஹேன். நாளைக்கு ஞாயிறு, நாளைக்கு வேண்டாம். திங்கக்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க. நானே கேட்டைத் திறந்து வைக்கிறேன்." வயல் பக்கம் பார்த்துவிட்டு, "இந்த வட்டத்தைப் பத்தி வேற யாருகிட்டயாவது பேசினீங்களா?" என்றான்.

"யாருகிட்டப் பேச?"

"அதுவும் சரிதான்."

திங்கட்கிழமை அவள் பார்ட்லியைக் காரில் ஏற்றிக்கொண்டு, முனை சீவிய குச்சியும் சுத்தியுமாகப் போனாள். சொன்னபடியே கேட் திறந்திருந்தது. வயலுக்குள் நாற்பது பசுக்கள் நின்றன. சனிக்கிழமை சாயங்காலமே விட்டிருக்கிறான். இரண்டு மாதமாக வைக்கோலைத் தின்ற மாடுகள். கருகின புல்லை ஒன்றும் தொடவில்லை, பச்சையை மட்டும் தேடித் தேடி வேரோடு கடித்திருந்தன. வட்டமில்லை, வாசலில்லை, திட்டுகளில்லை. புழுதியும் சாணமும் குளம்படியும்தான்.

மாலக்கி மதில்மேல் சாய்ந்து நின்றான்.

"கேட்டைத் திறந்து வைக்கிறேன்னேன், திறந்துதான இருக்கு."

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"பசிச்ச மாடு, மிஸஸ் கல்ஹேன். நாளைக்கு சர்க்கார் ஆபீஸ்காரன் ஒருத்தன் இதைப் பாத்துட்டு, பழைய சின்னம், தொடாதேம்பான். அந்த மூலையில கொட்டகை போடணும் நான். செத்துப்போனது செத்துப்போச்சு. எங்க அப்பா தள்ளினப்ப வாயத் திறக்காதவங்கதான நீங்க?"

அது உண்மை.

டீலியா பார்ட்லியை அணைத்துப் பிடித்து உள்ளே நடத்திப் போனாள். அவன் கோலால் ஓரிடத்தைக் காட்டினான். அவள் குச்சியை ஊன்றியதும் "இல்ல, இன்னும் அங்க" என்றான். அங்கே ஊன்றினாள். "இல்ல." நாலாவது இடத்தில் ஒரு பசு அவர்களை இடித்துக்கொண்டு போயிற்று. அவன் கோலைக் கீழே போட்டுவிட்டான்.

"எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது டீலியா."

அவள் குச்சியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை மழை பிடித்தது. ஊரே தெருவில் நின்று நனைந்தது. பத்து நாளில் வயல் முழுக்க ஒரே பச்சை.

மழை பிடித்த மறுநாள் காலை, வழக்கம்போல வீட்டு மதில்மேல் மாலக்கியின் பால் கேன் இருந்தது. டீலியா அதை வாசலில் கொட்டத்தான் எடுத்தாள். கை சாயவில்லை. மாடுகள் எந்தப் புல்லைத் தின்றன, அது எதன்மேல் முளைத்தது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே கொண்டுவந்து மேஜையில் வைத்து, குவளையில் ஊற்றி, நின்றபடியே குடித்தாள். இரண்டாவது குவளையும் குடித்தாள்.

"எனக்கு?" என்றான் பார்ட்லி.

"உனக்கு இல்ல."

கேன் காலியாகும்வரை குடித்தாள். பிறகு அதைக் கழுவித் துடைத்து, மாலக்கி எடுத்துக்கொள்ளட்டும் என்று மதில்மேல் கொண்டுபோய் வைத்தாள்.