மண்ணெண்ணெய்க்காரரின் கடிகாரம்

பல் துலக்குவதற்கு முன்பே கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு கைகளாலும் ஏந்தித் தெற்கு ஜன்னலுக்குக் கொண்டுபோகிறார் தொகுஜி. கைக்குழந்தைக்கு வெயில் காட்டுவதுபோலக் கண்ணாடியோரம் பிடித்துக்கொள்கிறார். கடிகாரத்தின் ஒரு மூலையில் குட்டிக் கோபுரப் படம் ஒன்று இருக்கிறது. அது மினுக்கினால் காற்றில் ரேடியோ அலையாக வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் கேட்டு முடித்தாயிற்று. நின்றதும் "ம், வந்துருச்சு" என்பார். தெற்கே, அந்த அலையை அனுப்பும் ஃபுகுஷிமா மலைமேல் யாரோ உட்கார்ந்து அவருக்கென்றே மணி சொல்லி அனுப்பியதுபோல ஜன்னலைப் பார்த்து லேசாகத் தலை குனிவார். எங்கள் குளியலறை ஜன்னலிலிருந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை மலை சார்பாக நானும் பதிலுக்குக் குனிந்தேன். அவர் கவனிக்கவில்லை.

"அதுதான் ராத்திரியே தானா சரி பண்ணிக்குதே, எதுக்கு அதைத் தூக்கிக்கிட்டுத் திரியறீங்க?" என்பார் அவர் மனைவி ஃபுமி அத்தை, மிசோ சூப்பைக் கலக்கிக்கொண்டே.

"இருக்கட்டுமே. நேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறது மரியாதை."

ஹொக்கைடோவில், தொகாச்சிச் சமவெளியில் இருக்கும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கணப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுபவர் தொகுஜி. குளிர்காலத்தில் எங்களுக்கு அரிசி இல்லாவிட்டாலும் ஓடும், மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் ஓடாது. அவருடைய சின்ன டேங்கர் லாரி ஒரு குழந்தைப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டே தெருவுக்குள் வரும். வீட்டோரத் தொட்டியில் குழாயைச் சொருகிவிட்டு, யாரும் கேட்காமலே அன்றைய குளிரைப் புள்ளியோடு சொல்வார். "மைனஸ் பதிமூணு புள்ளி நாலு." எண்ணெய்தான் வியாபாரம், குளிர் இலவசம்.

என் அம்மா முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிட்டதால் அங்கே முடி பெருக்குவது என் வேலை. அம்மா எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரையும்போல மூக்கால் குளிர் அளப்பவள். காலையில் கதவைத் திறந்து மூச்சை இழுப்பாள். மூக்குக்குள் முடி ஒட்டிக்கொண்டால் மைனஸ் பத்துக்குக் கீழே. தொகுஜிக்கு இது பொறுக்காது.

"மூக்கு என்னம்மா கருவியா? சளி பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"சளி பிடிச்சா வெளியிலயே வரமாட்டேன், தொகுஜி சான். அதுக்கு எதுக்கு டிகிரி?"

கருவி விஷயத்தில் அவர் பேசக்கூடிய ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். வெளிக்குளிரையும் காட்டும் அந்தக் கடிகாரம் வீட்டுச் சாமான் கடையில் தள்ளுபடிக்கு வந்தபோது பாதி ஊர் அதையே வாங்கியது. முதலில் வெளியே மாட்டும் சென்சாருக்கு பாட்டரி, பிறகு கடிகாரத்துக்கு, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து எதையும் தொடாமல் காத்திரு என்று தாளில் போட்டிருந்தது. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார். மூன்றாவது அவரால் முடியவில்லை. இருந்த பொத்தான்களை எல்லாம் அமுக்கினார். மறுநாள் தெருவெல்லாம் "ப்ளஸ் அஞ்சு! வசந்தம் வந்தாச்சு!" என்று சொல்லிக்கொண்டு போனார். கேட்டவர்களின் இமையில் பனி உறைந்திருந்தது. அமுக்கிய பொத்தான்களில் ஒன்று டிகிரியை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றியிருந்தது. அந்த ப்ளஸ் ஐந்து நம் கணக்கில் மைனஸ் பதினைந்து. அதை நான்தான் போய் மாற்றிக் கொடுத்தேன். ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

பிறகு நன்றாகவே பழகிக்கொண்டார். சாதாரண பாட்டரி மைனஸ் இருபதில் மயங்கிவிடும் என்று சென்சாருக்கு மட்டும் குளிர் தாங்கும் பாட்டரி போட்டார். வெயில் படாத வடக்குக் கூரையோரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். தினமும் லாரி ஏறுவதற்கு முன் அதன் அடியில் நின்று, ஒரு விரலால் தட்டி, "இருக்கியா?" என்று கேட்பார்.

இவ்வளவு நேர ஒழுக்கம் ஒரு மனிதருக்குச் சும்மா வராது. எதிர்வீட்டு அசனுமாதான் காரணம்.

அசனுமா ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். எங்கள் ஊர் வழியாகப் போன ஒற்றைப் பெட்டி டீசல் ரயிலைக் கடைசி நாள்வரை ஓட்டியவர். தனி ஆள். சில வருஷங்களுக்கு முன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன எண்ணெய் தாமதமாக வந்தது. வாசலில் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அசனுமா, "ரயிலா இருந்தா உன்னை இந்நேரம் வேலையை விட்டு எடுத்திருப்பாங்க" என்றார். தொகுஜி அன்று நான்கு வீட்டுத் தொட்டி மூடிகளில் உறைந்த பனியைச் செதுக்கிவிட்டு வந்திருந்தார். "உன் ரயிலையே எடுத்துட்டாங்களே, தாத்தா" என்று சொல்லிவிட்டார்.

தெருவே கேட்டது. அசனுமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்றோடு தொகுஜியிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டு, சிவப்பு கேனைச் சறுக்கு வண்டியில் கட்டிக்கொண்டு கடைக்கு நடக்க ஆரம்பித்தார். தொகுஜி காற்றில் நேரம் கேட்கும் அந்தக் கடிகாரத்தை வாங்கினார். அசனுமாவும் அதே தள்ளுபடியில் அதையே வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது. ஒருவருக்கொருவர் பேசாத அந்த இரண்டு வீட்டிலும் நொடி பிசகாமல் ஒரே மணி.

இந்த ஜனவரியில் ஒரு நல்ல வெயில் நாள். மதியம் தொகுஜி வீட்டுக் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்தது. சென்சாரும் அதோடு போய்ப் புதைந்தது. கடிகாரத்தில் டிகிரி இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். சாயங்காலம் வந்த தொகுஜி சென்சாரைத் தேடும் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. ஒன்பது. ப்ளஸ் ஒன்பது.

நேராக எங்கள் கடைக்கு வந்தார். கையில் கடிகாரம்.

"ஏய் பொண்ணே. சென்சாரை எங்க வச்சிருக்கே? சட்டைக்குள்ளயா?"

"நான் தொடவே இல்லை மாமா."

"இந்தத் தெருவுல இந்த மாதிரி வேலை பண்ண வேற யாரு இருக்கா?"

அது உண்மைதான். ஆனாலும் இது நான் செய்யாத குறும்பு. நானே செய்திருக்கக்கூடாதா என்று கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது. என் பைகளைத் திருப்பிக் காட்டினேன். மிட்டாய்த் தாளும், கையைச் சூடாக்கும் பொட்டலமும், யாருடையதோ ஒற்றைக் கையுறையும் விழுந்தன.

"அப்ப இது யார் வீட்டு டிகிரி?" என்றார்.

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சென்சார் சத்தம் நாற்பது மீட்டர் தாண்டாது; அப்படியென்றால் இதே தெருதான். யாருடையதோ அதே கடைச் சென்சார், இவர் கடிகாரத்தின் காதில் விழுகிறது. மறுநாள் காலை எண் ஆறு. ஃபுமி அத்தை "யாரோ உருளைக்கிழங்கு கிடங்குல வச்சிருப்பாங்க" என்றார். மதியம் அது எட்டுக்கு ஏறி, சாயங்காலம் ஐந்துக்கு இறங்கியது. "உருளைக்கிழங்குக்கு எவன் வெயில் காட்டுவான்?" என்றார் தொகுஜி. நான் குளிர்சாதனப் பெட்டி என்றேன். அது ஏறி இறங்காதே என்றார். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த காலை எண் இரண்டு. நான் அங்கேதான் இருந்தேன். எனக்கும் ஆர்வம் தொற்றிவிட்டது. தொகுஜி கடிகாரத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோகவில்லை. சுவரிலேயே விட்டு அதன் எதிரே நின்றார்.

"கிடங்கு இப்படி நாளுக்கு நாள் இறங்காது" என்றார். "தெக்கு ஜன்னல் இருக்கு, வெயில் வருது. ஆனா உள்ள நெருப்பு இல்லை. இது வீடு. ஆறிக்கிட்டு இருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். நான் பின்னால். அவர் பார்த்தது சுவர்களை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கணப்பின் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே பனி உருகிக் குழி விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் குழி. அடுத்ததில் குழி. அதற்கடுத்ததிலும். அசனுமா வீட்டுப் புகைக்குழாய்மேல் ஒரு சாண் பனி தொப்பிபோல உட்கார்ந்திருந்தது.

தொகுஜி தெரு நடுவில் நின்றுவிட்டார். அந்தக் கதவு அவருக்கு எதிரே சாத்தப்பட்ட கதவு. வாசலிலிருந்து ஃபுமி அத்தை கத்தினார்.

"நீங்க போறீங்களா, நான் போகவா?"

"போறேன், போறேன்."

கதவு பூட்டியிருக்கவில்லை. தொகுஜி உள்ளே தலையை நீட்டி, "மண்ணெண்ணெய்!" என்றார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

தொகுஜியின் காது சிவந்து போனது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கரகரத்த குரல்:

"நான் கூப்பிடலையே."

அசனுமா அடியில் மின்கணப்பு வைத்துப் போர்வை போட்ட மேசைக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தார். மேல்கோட்டு, கம்பளித் தொப்பி, ஓட்டுநர்கள் போடும் வெள்ளைக் கையுறை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஜோடி. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. தலைமாட்டில் சென்சார். சுவரில் தொகுஜியின் கடிகாரம், அச்சு அசலாக.

"என்ன ஆச்சு?"

"இடுப்பு. ஏணியில ஏறி இதை எடுத்துக் கட்டலாம்னு பார்த்தேன். இதுவும் விழுந்தது, நானும் விழுந்தேன். ரெண்டு பேரும் உள்ள வந்துட்டோம். கேனைத் தூக்க முடியலை."

"வெளியில மாட்ட வேண்டியதை எதுக்குத் தலைமாட்டுல வச்சிருக்கே?"

"எத்தனை டிகிரியில சாகறேன்னு தெரிய வேண்டாமா?"

"போன் பண்ணக்கூடாது?"

"யாருக்கு?"

"மண்ணெண்ணெய்க்காரனுக்கு."

"அவன் லேட்டா வருவான்."

தொகுஜி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சிரித்தால் அடி விழும்போல இருந்தது, யாரிடமிருந்து என்றுதான் தெரியவில்லை.

லாரியிலிருந்து குழாயை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். காலித் தொட்டிக்குள் எண்ணெய் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கணப்பின் முன் மண்டியிட்டு எதையெதையோ திருகினார்.

"அன்னிக்குப் பதினேழு நிமிஷம் லேட்டுதான்" என்றார், திரும்பாமல்.

"பத்தொம்பது."

"சரி, பத்தொம்பது. அப்புறம் அந்த ரயிலைப் பத்திச் சொன்னது..."

"முதல்ல பத்த வைப்பா."

பற்றிக்கொண்டது. நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் அந்த நீலத் தீயை ஏதோ தொலைக்காட்சி நாடகம்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது என் பையிலிருந்த சூட்டுப் பொட்டலம் எப்படியோ அசனுமாவின் வெள்ளைக் கையுறைக்குள் போய்விட்டிருந்தது. எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஃபுமி அத்தை கஞ்சியோடும் மருத்துவரின் போன் எண்ணோடும் உள்ளே வந்தார்.

அந்த வார இறுதியில் பனி அள்ளியபோது தொகுஜியின் சென்சார் என் மண்வெட்டியில் மாட்டியது. பனி அதன் சத்தத்தை அடைத்துவிட்டிருந்தாலும் சிவப்புப் புள்ளி விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. காலையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தேடும் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும், கடிகாரம் பழையபடி தன் வீட்டுக் குளிரைக் காட்டும். அதை அவருக்கு விளக்கவும் ஆரம்பித்தேன்.

"தெரியும், தெரியும்" என்றார். சென்சாரைச் சட்டைக்கையில் துடைத்தார். பின்மூடியைத் திறந்து பாட்டரி இரண்டையும் உள்ளங்கையில் உதிர்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெறும் பெட்டியைச் சமையலறை இழுப்பறையில், சாப்பிடும் குச்சிகளுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்.

வெளியே தெருவிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், "தொகுஜி சான், இன்னிக்கு எத்தனை?"

அவர் சுவரைப் பார்த்தார். கடிகாரத்தில் எதிர்வீட்டுச் சூடு, இருபது புள்ளி ஒன்று. இன்னும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, மூக்கை வெளியே நீட்டி, ஆழமாக மூச்சை இழுத்தார்.