பிரண்டைக் குளிசையும் பக்கத்து ஒழுங்கையும்

மருந்தைக் கொடுப்பது சுகம். கொடுத்ததைக் குடித்தார்களா என்று அறியத்தான் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். அந்த ஆள் நான். நாய்க்குப் பயந்து படலைக்கு வெளியே நின்று, வீடு வீடாய்க் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

வயதுபோன பெண்களின் எலும்புத் தேய்வைப் பிரண்டைச் சாறு குறைக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி இது. ஜெயபுரத்தில் ஒரு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெருவின் வீடுகள் எல்லாம், என் பொறுப்பு. ஒழுங்காய் நடந்தால் வேலை நீளும். குழம்பினால் கொழும்பிலே மாமாவின் கடையில் சாமான் கட்டப் போகவேண்டும். மாமா விடியமுன்னமே ஏசத் தொடங்குகிறவர்.

இரும்பு இடுப்பு

குளிசையை விழுங்கத் தொடங்குவதற்கு முன் எலும்பைப் படம் எடுக்கவேண்டும். எல்லாரையும் வான் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நகை வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் கலியாண வீட்டுக்குப் போவதுபோல வந்திருந்தார்கள். காப்பு, தோடு, சேலையில் குத்திய ஊசி என்று கழற்றி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது.

படம் எடுத்தவர் என்னைக் கூப்பிட்டார். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்து மகளோடு இருக்கிற திரேசா அன்ரியின் இடுப்பெலும்பு, இருபது வயதுப் பெடியனுடையதைவிட உறுதியாம். தேயாத எலும்புக்கு மருந்து கொடுக்க முடியாதே! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளே வெடித்த செல் குண்டின் இரும்புத் துண்டு ஒன்று. சண்டைக்குள் ஏறியது, அங்கேயே குடியிருக்கிறது. மற்றப் பக்க இடுப்பைப் படம் எடுத்துச் சமாளித்தோம்.

"ஏன் அன்ரி முதலே சொல்லேல்லை?" என்றேன்.

"நீர் கழட்டக்கூடிய இரும்பைத்தானே தம்பி கேட்டனீர்?"

சாப்பிடக்கூடாத சாப்பாடு

இராசமணி அன்ரி அந்த ஒழுங்கையின் தலைவி. ஒருவரும் தெரிவு செய்யவில்லை, அவாவே எடுத்துக்கொண்ட பதவி. அவாவின் வேலி முழுக்கப் பிரண்டை படர்ந்து கிடந்தது. குளிசைப் போத்தலைக் கொடுத்துவிட்டு, விதிப்படி சொன்னேன்: "அன்ரி, ஆராய்ச்சி முடியுமட்டும் பிரண்டைச் சம்பல், துவையல் ஒண்டும் சாப்பிடக்கூடாது. கணக்குப் பிழைச்சுப்போம்."

அவா வேலியைப் பார்த்தா. போத்தலைப் பார்த்தா. கடைசியாய் என்னைப் பார்த்தா.

"பிரண்டை நல்லதோ எண்டு பாக்கிறதுக்குப் பிரண்டை சாப்பிடக்கூடாது. நல்ல கதை. உம்மட கலியாணத்துக்கு வந்தால் சோறு போடுவீரோ, சோத்தின்ர படத்தைக் காட்டுவீரோ?"

மாவின் துணிவு

அடுத்த விதி இன்னும் மோசம். பாதிப் பேரின் குளிசைக்குள் பிரண்டைச் சாறு, மற்றப் பாதிக்கு வெறும் மா. பார்வைக்கு இரண்டும் ஒன்று. இரண்டு கூட்டமும் கலக்கக்கூடாது. ஒருவர் போத்தலில் மற்றவர் கைவைத்தால் ஆராய்ச்சி முடிந்தது, என் வேலையும் முடிந்தது. இதையெல்லாம் அவர்களை இருத்தி வைத்துச் சொன்னேன்.

"ஆருக்கு மருந்து எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று திரேசா அன்ரி கேட்டா. தெரியாது என்றேன். ஆராய்ச்சியை நடத்துகிற டொக்டருக்கு? அவாவுக்கும் தெரியாது. கணனிதான் பிரித்தது என்றேன்.

"கணனிக்கு முழங்கால் இல்லைத்தானே தம்பி. அதுதான் துணிஞ்சு மாவைக் குடுக்குது."

பால்மாப் பேணி

ஒவ்வொரு மாதமும் மிச்சக் குளிசையை எண்ணுவேன். ஒரு வீட்டிலும் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. டொக்டர் என்னைப் பாராட்டினா. நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு பின்னேரம் சொல்லாமல் போனேன். இராசமணி அன்ரியின் வளவில் ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் வட்டமாய் இருந்தார்கள். நடுவில் ஒரு பால்மாத் தகரப் பேணி. எல்லாப் போத்தலையும் அதற்குள் கவிழ்த்துக் கலக்கி, அன்ரி ஆளுக்கொன்றாய்ப் பங்கு போட்டுக்கொண்டிருந்தா. எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். நின்றபடியே கேட்டேன்.

"என்ன அன்ரி செய்யிறியள்?"

"அகதி முகாமில ஒருத்திக்குப் பருப்பு வந்தால் மற்றவளுக்கு மா வரும். ஒண்டாக் கொட்டிப் பங்கிட்டுத்தான் தம்பி சீவிச்சனாங்கள். இப்ப மட்டும் அவளுக்கு மருந்து, இவளுக்கு மா எண்டால் தொண்டைக்குள்ள இறங்குமே?"

டொக்டர் வந்த அன்று

டொக்டருக்குப் போனில் சொன்னேன். என் குரல் எப்போதும் சின்னது. அன்றைக்கு இன்னும் சின்னது. "கேக்கேல்லை, பலத்துச் சொல்லும்" என்று அவா கேட்கக் கேட்க, அதே கேடான சேதியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அடுத்த நாள் நேரிலேயே வந்து பேணியைத் திறந்து பார்த்தா. மூடிவிட்டு, இந்த ஒழுங்கையை நிற்பாட்டவேண்டியதுதான் என்றா.

"பிழை எங்களில. தம்பியின்ர வேலையில கைவைக்காதேங்கோ," என்றா இராசமணி அன்ரி.

"நான் என்னம்மா செய்ய? கலக்காத ரெண்டு கூட்டம் இருந்தால்தானே ஒப்பிடலாம்."

அன்ரி பக்கத்து ஒழுங்கைப் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினா.

"அங்கால ஒரு வகைக் குளிசை குடுங்கோ, இங்கால மற்ற வகை தாங்கோ. வாய்க்கால் தண்ணிச் சண்டையோட அவைக்கும் எங்களுக்கும் பேச்சில்லை. ஒரு குளிசையும் வேலி தாண்டாது, அதுக்கு நான் பொறுப்பு!"

அனுமதி வந்து, ஒழுங்கைக்கு ஒரு கூட்டமாய் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியாயிற்று. ஆகையால் வருகிற கோயில் திருவிழாவில் இரண்டு ஒழுங்கைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடக்கூடாதென்று இந்த ஊரில் நேர்த்திக்கடன் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான்.