காலி மனை விற்ற இணையதளம்

மென்பொருள் எழுதுகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. உட்கார்ந்த இடத்திலேயே அவர்களுக்கு முதுகு போய்விடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று வாயைத் திறந்ததும் சொந்தக்காரர் வீட்டு டிவி ரிமோட்டை ரிப்பேர் பார்க்கக் கையில் வாங்கிக்கொண்ட எல்லோரும் என் சாதிசனம்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் டோல்கேட் பக்கம், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கீழே ஆணியும் போல்ட்டும், மேலே நாங்களும் இரண்டு பழைய கணினியும்.

அண்ணாச்சியின் யோசனை

கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. ஒரு நகராட்சி, தன்னிடம் சும்மா கிடக்கும் மனைகளைப் படம், அளவு, விலையோடு இணையதளத்தில் போட்டு ஏலம் விட நினைத்தது. அந்த வேலையை அண்ணாச்சி எப்படியோ பிடித்து வந்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நம் கடை நம்பரைச் சிவப்பில் போடச் சொன்னார். அரசாங்க வேலை அண்ணாச்சி, அப்படிப் போடக்கூடாது என்று மன்றாடினேன். காலண்டரில் போடுகிறோமே, இதில் என்ன என்றார்.

தளம் திறந்த நாளிலிருந்து மாடியில் போன் ஓயவில்லை. மனை விலை கேட்டவர்கள் கொஞ்சம் பேர். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று திட்டியவர்களே அதிகம். ஊர் வசவு மொத்தத்தையும் நான் ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனி என்னால் முடியாது என்று கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போன் அடிக்குன்னா யாவாரம் நடக்குன்னுல்லாம்மா அர்த்தம். எடுத்துப் பேசு."

மூன்றாவது கட்டம்

தளம் செய்துகொண்டிருந்தபோது நகராட்சியில் எங்களுக்கு வாய்த்தவர் வருவாய்ப் பிரிவு மேனேஜர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். ஒவ்வொரு மனைக்கும் 'காலி', 'ஆக்கிரமிப்பு' என்று இரண்டு கட்டம் வைக்கச் சொன்னார். எது சரியோ அதில் டிக் அடித்துவிடுவோம். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருமுனையில் ஒரு மனை உண்டு. வருஷம் முழுக்க வெறுமையாகக் கிடக்கும், சாவு விழுந்தால் பந்தல் போடுவார்கள், ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். அந்த மாதிரி மனையை எதில் சேர்ப்பது? மூன்றாவதாக ஒரு கட்டம் வைக்கட்டுமா என்று கேட்டேன். மேனேஜர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "வேணாம்மா. நடுவுல ஒண்ணு வச்சா ஊரே அதுல வந்து உக்காந்துக்கும்."

பத்து மணிப் படம்

படம் எடுக்க ஆபீஸ் ஜீப்பில் போனோம். ஆபீஸ் திறந்த பிறகுதானே ஜீப் கிளம்பும்? விம்கோ நகரை முடித்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து இருக்கும். கடலை ஒட்டிப் பெரிய மணல் திடல். அங்கங்கே உருட்டுக் கட்டைகள், டீசல் சிந்திய கறை, வேறு ஒன்றுமில்லை. நீலக் கடல் பின்னால் தெரிய ஒரு படம் எடுத்தேன். தளத்திலேயே அழகான படம் அதுதான் என்று முதல் பக்கத்தில் போட்டேன். 'காலி' கட்டத்தில் டிக் விழுந்தது. மேனேஜருக்கு ஏகக் குஷி. "ஈ காக்கா இல்ல பாரு. இதுக்குத்தான் நல்ல வெல வரும்."

தனத்தின் போன்

ஒரு நாள் போனில் ஒரு பெண், பீச்சாண்ட கீற எடத்த விக்கிறது நீதானா என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். பெயர் தனம். மீன் விற்பவள். அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் பிரவுசிங் சென்டர்காரர் படத்தைக் காட்டி, கீழே இருந்த நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் விற்பவள் இல்லை, தளம் செய்தவள் மட்டும்தான் என்றேன். யாராயிருந்தாலும் மத்தியானத்துக்கு மேல் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை போனேன். அதே திடல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விடியுமுன் கடலுக்குப் போன பைபர் போட்டுகள் எல்லாம் கரையேறி, ஆள் நுழைய வழியில்லாமல் ஒட்டி ஒட்டி நின்றன. நாங்கள் வந்த பத்து மணிக்கு அவை கடலில் இருந்திருக்கின்றன.

நடுவில் மட்டும் ஒரு போட்டு நிற்குமளவு இடம் வெறுமையாக இருந்தது. தனத்தின் புருஷன் போட்டு ஏற்றும் இடம். ஐப்பசி மழையில் போனவர் திரும்பவில்லை; போட்டும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. சாண் இடத்துக்குச் சண்டை போடும் கரையில் அந்த இடத்தில் மட்டும் யாரும் போட்டை ஏற்றவில்லை. தனம் அழவில்லை. நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. "காலி எடம்னு போட்டுகீறியே கண்ணு, அந்தாளு வந்தார்னா போட்ட எங்க ஏத்துவாரு?"

புதுப் படம்

கவிழ்ந்து கிடந்த ஒரு போட்டின் மேல் ஏறி நின்று, எல்லாப் போட்டும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்தேன். மேனேஜரிடம் காட்டினேன். ஏலத்துக்கு நகர்மன்றத்தில் தீர்மானம் ஆகிவிட்டது, டிக்கை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, படத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள் என்றார். அதுவே எனக்குப் போதும் போலிருந்தது. இத்தனை போட்டு நிற்கிற மனையை எவன் வாங்குவான்? நினைத்தபடியே சில மாதம் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு கன்டெய்னர் யார்டுக்கு இடம் தேடி ஒருவர் மாடியேறி வந்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு ஓடிவிடுவார் என்று ஆசையாகவே பெரிதாக்கிக் காட்டினேன். அவர் திரையின் நடுவில் விரலை வைத்தார். "இங்க காலியா கீதே, இது போதும்மா. மொத பொட்டிய இதுல எறக்கிட்டா மீதி எடம் தானா நம்ம கைக்கு வந்துடும்."

தனம் கேட்டது

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஏலம் முடிந்தது, முதல் கன்டெய்னர் அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தது. போட்டுகளைக் கழிமுகத்துக்கு அப்பால் பாறைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருப்பவற்றுக்கே இடம் பற்றவில்லை. வராத போட்டுக்கு யார் இடம் விடுவார்கள்?

ஒரு மத்தியானம் தனம் கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே வந்தாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று எழுந்து நின்றேன். அந்தப் படத்தைக் காட்டு என்றாள். காட்டினேன். ஒவ்வொரு போட்டாக யாருடையது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இத்த பெருசா போட்டுக் குடு கண்ணு. மாலை போட அவரு போட்டோ ஒண்ணுகூட வூட்ல கெடையாது, இதான் கீது."

இத்தனை வருஷத் தொழிலில், திருத்தம் எதுவும் சொல்லாமல் ஒருவர் என்னிடம் வாங்கிக்கொண்டு போன வேலை, ஆளே இல்லாத அந்த ஒரு படம்தான்.